முப்பத்து மூன்று பாகையில் ஒரு போத்தல்

எல்கடுவைக்கு மேலே இருக்கும் தோட்டப் பாடசாலைக்கு ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி வந்தது. எந்த நாடு அனுப்பியது என்று இன்றுவரை சரியாகத் தெரியாது. அப்போது அங்கே ஆய்வுகூடம் இல்லை, உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு இல்லை, பாதி நாட்கள் குழாயில் தண்ணீரும் இல்லை. ஆனால் பெட்டிக்குள் ஓதோ குளோரோபீனோல், மெற்றா குளோரோபீனோல், பரா குளோரோபீனோல் என்று மூன்று போத்தல்கள் இருந்தன. அதிபர் மூன்றையும் பார்த்துவிட்டு, மிகவும் பயனுள்ள அன்பளிப்பு என்று நன்றிக் கடிதம் எழுதினார்.

பிறகு பெற்றோர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கல் சுமந்து ஆய்வுகூடம் கட்டினார்கள். விஞ்ஞானப் பிரிவுக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. ஏழு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அந்த ஏழில் ஒருத்தி நிரஞ்சனி. அவளுடைய அப்பா அழகமுத்துதான் ஆய்வுகூட உதவியாளர். முகவைகளைக் கழுவுவார், பூட்டைத் திறப்பார், மூடுவார். மார்ச் இருபதாம் திகதி வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு குழு வரும். ஆய்வுகூடம் திறந்து நடந்துகொண்டிருந்தால் அனுமதி நிரந்தரமாகும், இல்லாவிட்டால் ஏழு பேரையும் கலைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள் என்று கடிதம் வந்திருந்தது. விஞ்ஞானத்துக்காக மாத்தளை நகரில் தங்கவைத்துப் படிப்பிக்க அழகமுத்துவால் முடியாது. அதை அவர் மகளிடம் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் மாவட்ட அபாயப் பொருள் அகற்றல் பணியகம் விழித்துக்கொண்டது.

பெப்ரவரி கடைசியில் திண்மப் பிரிவின் தலைமை அலுவலர் ராஜநாயகம் ஜீப்பில் வந்து இறங்கினார். பதினான்காம் இலக்கச் சுற்றுநிருபத்தை நின்றபடியே முழுவதும் வாசித்தார். குளோரோபீனோல் இருக்கும் எந்த அறையும் முத்திரையிடப்பட வேண்டும். அவர் மூன்று போத்தல்களையும் வெளியே எடுக்கச் சொன்னார். வெறும் முகவைகளும் சோதனைக் குழாய்களும் கராம்பு எண்ணெய் வடிக்கும் குடுவையும் மட்டும் உள்ளே இருக்க, கதவில் கடதாசி ஒட்டி அரக்கு முத்திரை வைத்தார். போத்தல்கள் மூன்றும் வராந்தாவில், பிள்ளைகள் செருப்புக் கழற்றும் இடத்தில் இருந்தன.

"சேர், இதுங்கதானே ஆபத்து? இதுங்க வெளியில இருக்குதே" என்றார் அழகமுத்து.

"சுற்றுநிருபத்தில் அறையைப் பற்றித்தான் சொல்லியிருக்கு. வராந்தாவைப் பற்றி ஒன்றும் இல்லை. பாடசாலைப் பிரதிநிதி மூன்றையும் நேரில் கொண்டுவந்து ஒப்படைக்க வேணும். மூன்றுக்கும் பற்றுச்சீட்டு கிடைத்தால் முத்திரை உடைபடும்."

"நீங்க வந்த ஜீப்புலயே கொண்டு போயிறலாமேங்க."

ராஜநாயகம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அபாயகரமான பொருளை அரச வாகனத்தில் ஏற்ற முடியாது. பஸ்ஸில் கொண்டு வாங்க."

இரசாயனவியல் படிப்பிக்கும் நுஸ்லா டீச்சர் போத்தல்களின் மூடிகளை இறுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, மரத்தூள் போட்ட தகரப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். அழகமுத்துவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"மூணுலயும் ஒரே பேருதானே டீச்சர் இருக்கு? எதுக்கு மூணு போத்தல்?"

"பேரு ஒண்ணு, சூத்திரம் ஒண்ணு, நிறை ஒண்ணு. இடம் மட்டும்தான் வேற. ஆறு மூலை உள்ள வளையம்னு வைங்க. ஒரு மூலையில ஐதரொட்சில். அதுக்கு அடுத்த மூலையில குளோரின் இருந்தா ஓதோ. ஒரு மூலை தள்ளி இருந்தா மெற்றா. நேர் எதிர்ல இருந்தா பரா."

"இடம் மாறினதுக்கா கொணம் மாறும்?"

"இடமாற்றம் கெடச்ச ஆக்கள நீங்க பாத்ததே இல்லையா அண்ணன்?" என்று டீச்சர் சிரித்தார். "ஓதோவுல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. தங்களுக்குள்ளேயே கையப் புடிச்சிக்கிட்டிருக்கும், மத்ததோட ஒட்டாது. அதனால எப்பவும் திரவம். பராவுல ரெண்டும் எதிரெதிர். ரெண்டு பக்கமும் கைய நீட்டி அண்டையில உள்ளத எல்லாம் புடிச்சி இறுகிரும். நாப்பத்து மூணு பாகை வரைக்கும் கல்லுதான்."

"மெற்றா?"

"அது முப்பத்து மூணுல உருகும். நம்ம எல்கடுவக் குளிருக்குக் கல்லு. மாத்தளையில... அது அன்னைக்கு அடிக்கிற வெயிலப் பொறுத்தது."

இந்தக் கடைசி வசனத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்குள் மூன்று வாரத் துன்பம் இருந்தது அவருக்கும் தெரியாது, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிய அழகமுத்துவுக்கும் தெரியாது.

பணியகத்தில் இரண்டு பிரிவுகள். வாசலுக்கு இடது பக்கம் திண்மப் பிரிவு, வலது பக்கம் திரவப் பிரிவு. நடுவில் ஒரு நீண்ட வராந்தா, மேலே தகரக் கூரை. திரவப் பிரிவின் தலைவர் இத்ரூசுக்குக் குளிரூட்டி உண்டு, ஏனென்றால் திரவங்கள் ஆவியாகும். திண்மங்கள் ஆவியாகாது என்று யாரோ முடிவெடுத்திருந்ததால் ராஜநாயகத்துக்குக் காற்றாடி மட்டும்தான். இதனால் இரண்டு பேரும் நான்கு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஓதோவை இத்ரூஸ் குலுக்கிப் பார்த்து, திரவம் என்று எழுதிப் பற்றுச்சீட்டுக் கொடுத்தார். பராவை ராஜநாயகம் தட்டிப் பார்த்து, திண்மம் என்று எழுதிப் பற்றுச்சீட்டுக் கொடுத்தார். இவ்வளவு சுலபமா என்று அழகமுத்து மனதுக்குள் முருகனைக் கும்பிட்டார். பிறகு மெற்றாவை எடுத்தார்.

காலையில் எல்கடுவையில் கல்லாக இருந்தது, பஸ் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, இப்போது போத்தலுக்குள் சளசளத்தது.

"நீங்கள் கொண்டுவந்த அதிபருடைய கடிதத்தில் திண்மம் என்று இருக்கு. இது திரவம்" என்றார் ராஜநாயகம். "அந்தப் பக்கம் போங்க."

அந்தப் பக்கம் இத்ரூஸ் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். அழகமுத்து குளிரூட்டிக்கு நேர் கீழே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தார். இத்ரூஸ் வந்து போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"யா அல்லா, இது கல்லு மாதிரி இருக்கே. திண்மத்த இங்க கொண்டு வந்து என்னய மாட்டி உடப் பாக்கிறாரா அந்த மனுசன்? கொண்டு போங்க."

அழகமுத்து வராந்தாவைக் கடந்தார். மத்தியான வெயிலில் தகரம் காய்ந்துகொண்டிருந்தது. ராஜநாயகத்தின் மேசைக்கு வரும்போது போத்தலில் கீழ்ப்பாதி கல், மேல்பாதி தண்ணீர். ராஜநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பாதிக்கு என்னால் பற்றுச்சீட்டு தர முடியும்" என்றார் கடைசியில். "மற்றப் பாதியை ஊற்றிவிட்டு வாங்க."

"எங்கங்க ஊத்துறது?"

"அது திரவப் பிரிவைக் கேட்க வேண்டிய கேள்வி."

அன்றைக்கு மெற்றா எல்கடுவைக்குத் திரும்பிப் போனது. வீடு சேரும்போது அது மறுபடியும் கல்லாகியிருந்தது. அதன் மேல் அழகமுத்துவுக்கு அடங்காத கோபம் வந்தது.

அடுத்த முறை அவர் முதல் பஸ்ஸைப் பிடித்தார். பெட்டியை ஈரச் சாக்கில் சுற்றி, ஜன்னல் பக்கம் காற்றுப்பட வைத்தார். எட்டு மணிக்குப் பணியக வாசலில் போத்தல் கல்லாகவே இருந்தது. எட்டரைக்குக் கந்தோர் திறந்தது. ராஜநாயகம் பத்தரைக்கு வந்தார். பத்தரைக்கு அது சளசளத்தது.

மூன்றாவது முறை மீன்கடையில் ஐஸ் வாங்கிப் பெட்டியில் போட்டார். போத்தல் இரும்பாக இருந்தது. ராஜநாயகம் ஐஸைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது பொருளின் சுயவிருப்பத்துக்கு எதிரானது. கட்டாயப்படுத்தி எடுத்த திண்மத்தை இந்தப் பிரிவு ஏற்காது. நாளைக்கு அது வழக்குப் போட்டால்?"

"அது எப்படிங்க வழக்குப் போடும்?"

"அதனால்தான் எழுத்தில் ஒன்றும் தராமல் இருக்கிறேன்."

அன்று மாலை அழகமுத்து வீட்டுக்கு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டியில் மீன் நாற்றமும் குளோரோபீனோலின் ஆஸ்பத்திரி நாற்றமும் சேர்ந்து அடித்தன. நிரஞ்சனி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் ஆர்ட்ஸே செய்றேன்ப்பா. அதுவும் நல்ல பாடம்தானே."

"யாரு சொன்னா நல்ல பாடம் இல்லைனு? ஒனக்கு அது வேணுமா?"

அவள் பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்திவிட்டு உள்ளே போனாள். மறுநாள் அவர் பணியகத்தின் பணிப்பாளருக்கே ஒரு விண்ணப்பம் எழுதினார். எழுதியது நுஸ்லா டீச்சர், கையெழுத்து அவருடையது. உருகுநிலை என்றால் என்ன என்று டீச்சர் மூன்று பக்கத்தில் விளக்கியிருந்தார்.

பணிப்பாளர் அதை மிகவும் பாரதூரமாக எடுத்துக்கொண்டார் என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. ஏனென்றால் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் கருத்தரங்கு ஏற்பாடாகியிருந்தது. தலைப்பு, இருநிலைப் பொருட்களும் நமது பொறுப்பும். போத்தலையும் அழகமுத்துவையும் சாட்சிகளாக அழைத்திருந்தார்கள். போத்தலுக்கு முன்வரிசையில் வெள்ளைத் துணி போட்ட மேசை. அழகமுத்துவுக்குப் பின்னால் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை.

பணிப்பாளர் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் பேசினார்.

"இந்தப் பணியகம் ஆரம்பித்து ஒன்பது வருடங்களில் ஒரு விபத்தும் நடந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். ஏனென்றால் இந்த ஒன்பது வருடங்களில் எந்தப் பொருளையும் நாம் எங்கிருந்தும் அகற்றியதில்லை. அந்தச் சாதனைக்கு இன்று ஒரு சோதனை வந்திருக்கிறது. ஓதோ ஒழுங்கான பொருள். பரா அதைவிட ஒழுங்கான பொருள். மூன்றும் ஒரே சூத்திரம் என்று ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். அப்படியானால் மெற்றா மட்டும் ஏன் நமது நிர்வாகக் கட்டமைப்புக்கு ஒத்துழைக்க மறுக்கிறது? நாம் இரண்டு பிரிவுகளை உருவாக்கியபோது இயற்கையைக் கலந்தாலோசிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இயற்கையும் நம்மைக் கலந்தாலோசிக்கவில்லையே!"

கைதட்டினார்கள். மண்டபத்தில் குளிரூட்டி பதினெட்டில் ஓடியது. போத்தல் கல்லாக இருந்தது. இத்ரூஸ் அதைச் சுட்டிக்காட்டி, கண் உள்ளவர்கள் பார்க்கட்டும் என்றார். பகல் சாப்பாடு நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில். சாட்சி என்பதால் போத்தலையும் அங்கே கொண்டுபோனார்கள். பொரித்த மீன் வருவதற்குள் அது உருகியது. ராஜநாயகம் முள்ளுக்கரண்டியால் சுட்டிக்காட்டி, இப்போது பார்க்கட்டும் என்றார். கூட்டக்குறிப்பு எழுதியவர் காலையில் திண்மம், பகலில் திரவம், தேநீர் இடைவேளைக்குப் பின் மீண்டும் திண்மம் என்று எழுதி, கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டுக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழகமுத்து எழுந்து நின்றார். "சேர், ஒரு வார்த்தைங்க. அது கல்லா இருந்தாலும் தண்ணியா இருந்தாலும் போத்தலுக்குள்ளதானேங்க இருக்கு? போத்தலோட வாங்கி வச்சிட்டா முடிஞ்சிருமே."

தவறான இடத்தில் தும்மிவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் நாள் மாலை தீர்மானம் வந்தது. மாத்தளை மாவட்டத்தின் உத்தியோகபூர்வ வெப்பநிலை இன்றுமுதல் இருபத்தைந்து பாகை. எந்தப் பொருளும் அந்த வெப்பநிலையில் எப்படி இருக்குமோ அப்படியே எல்லா நேரத்திலும் இருப்பதாகக் கருதப்படும். ஆகவே மெற்றா திண்மம். இத்ரூஸ் ஒரு பெருமூச்சு விட்டார். ராஜநாயகம் தோற்றவரின் முகத்தோடு கையெழுத்துப் போட்டார்.

மார்ச் பதினாறாம் திகதி அழகமுத்து கடைசித் தடவையாகப் பெட்டியோடு போனார். ராஜநாயகம் பற்றுச்சீட்டை எழுதினார். முத்திரையை உடைக்கும் கடிதத்தையும், ஆய்வுகூடம் குளோரோபீனோல் அற்ற அறை என்ற சான்றிதழையும் தங்க நிறக் கரை போட்ட தாளில் கொடுத்தார்.

"இந்த மாவட்டத்தில் இந்தச் சான்றிதழ் கிடைத்த ஒரே அறை உங்களுடையது. வேறு யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்லை" என்றார். குரலில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. "சான்றிதழில் உள்ள ஏழாம் பிரிவை மறக்க வேணாம். குளோரோபீனோல் நாற்றம் அடிக்கிற எதுவும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், யார் கொண்டு வந்தாலும், அந்த அறைக்குள் நுழையக் கூடாது. முதலில் படிவம் பதினான்கு ஏ. அதில் திண்மமா திரவமா என்று எழுதி, உரிய பிரிவின் ஒப்புதல் வாங்கிய பிறகுதான். பொறுப்பாளர் நீங்கள். இதில் கையெழுத்துப் போடுங்க."

அழகமுத்து போட்டார். நிரப்பாத பதினான்கு ஏ படிவங்கள் ஐந்தையும் கையில் கொடுத்தார்கள். அவர் புறப்படும்போது ராஜநாயகம் மெற்றாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஏங்க சேர் தொறக்கிறீங்க?"

"திண்மங்கள் கடதாசியில் பொதி செய்யப்பட வேணும். போத்தல் திரவங்களுக்கு. இது சட்டம்." போத்தலை முன்கூட்டியே இத்ரூசின் அறையில் இரண்டு மணி நேரம் இரவல் குளிரில் வைத்து எடுத்திருந்தார்கள். கையுறை போட்ட ஒரு ஊழியர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அதைச் சுரண்டி எடுத்து, பழுப்புக் கடதாசியில் மடித்து, நூல் கட்டி, அரக்கு வைத்து, களஞ்சியத்தின் மேல்தட்டில் வைத்தார். களஞ்சியத்துக்கும் தகரக் கூரைதான். அழகமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சீகிரியா ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் மாத்தளையில் உத்தியோகபூர்வமாக இருபத்தைந்து பாகை. தகரத்தின் கீழே முப்பத்தெட்டு. மத்தியானம் ஒரு மணிக்குப் பொதி ஈரமானது. ஒன்றேகாலுக்கு அது தட்டிலிருந்து கோப்புகளுக்கு இறங்கியது. ஒன்றரைக்குக் கட்டடம் முழுவதும் ஆயிரம் ஆஸ்பத்திரிகளின் நாற்றம் அடித்தது. பணியாளர்கள் எல்லோரும் வீதிக்கு ஓடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ராஜநாயகம் கண்ணில் நீர் வழிய, கடமை தவறாமல், தன்னுடைய கந்தோர்க் கதவில் தானே கடதாசி ஒட்டி அரக்கு முத்திரை வைத்தார். ஒரு பொருள் திண்மமாகக் கருதப்பட்டும் கசிந்ததற்கு விளக்கம் கேட்டுப் பணிப்பாளர் கடிதம் எழுதினார். அதை யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் அனுப்பவில்லை.

முத்திரையிட்ட கந்தோருக்குப் பதிலாகத் தற்காலிக இடம் வேண்டும். சுற்றுநிருபப்படி அது சான்றளிக்கப்பட்ட அறையாக இருக்க வேண்டும். மாவட்டத்தில் அப்படி ஒரே ஒரு அறைதான் இருந்தது.

பத்தொன்பதாம் திகதி காலையில் எல்கடுவைப் பாடசாலை முற்றத்தில் ஜீப்பும் ஒரு லொறியும் வந்து நின்றன. ராஜநாயகம், இத்ரூஸ், அலுமாரிகள், மேசைகள், குளிரூட்டி. உள்ளே ஏழு பிள்ளைகள் அளவி என்ற கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதற்குக் காத்திருந்தார்கள். நிரஞ்சனி தலையைத் தூக்கி லொறியைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை அழகமுத்து கண்டார். நாளைக்கு வலயக் குழு வருகிறது.

"அறையைக் காலி பண்ணுங்க" என்று ராஜநாயகம் உத்தரவுக் கடிதத்தை நீட்டினார். "ஆறு மாதத்துக்கு. கூடினால் ஒன்பது வருடம்."

அழகமுத்து கடிதத்தை வாங்கவில்லை. வாசலில் நின்று மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தார். ஒருமுறை ராஜநாயகத்தின் சட்டைப் பக்கம், ஒருமுறை இத்ரூசின் சட்டைப் பக்கம், ஒருமுறை லொறிப் பக்கம். மூன்று வாரம் அந்தப் பெட்டியைச் சுமந்த மூக்கு அது.

"மன்னிச்சிக்கணும் சேர். உள்ள விட முடியாதுங்க."

"என்னது?"

"நாத்தம் அடிக்குதுங்க. அலுமாரியிலயும் அடிக்குது, ஒங்க ரெண்டு பேர்லயும் அடிக்குது. ஏழாம் பிரிவு. எவ்வளவு சின்னதா இருந்தாலும், யாரு கொண்டு வந்தாலும். நான் பொறுப்பாளர், கையெழுத்துப் போட்டிருக்கேங்க."

இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் முகர்ந்து பார்த்தார்கள். நான்கு வருடத்தில் அவர்கள் இவ்வளவு நெருங்கியது அதுதான் முதல்முறை. மறுக்க முடியவில்லை.

அழகமுத்து சட்டைப்பையிலிருந்து மடித்த படிவங்களில் இரண்டை எடுத்தார். பணியகத்தில் மூன்று வாரம் தான் நின்ற அதே பணிவோடு, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். பேனாவையும் கொடுத்தார்.

"இத நெரப்பி ஒங்க பிரிவுல ஒப்புதல் வாங்கிட்டு வாங்க, ஒடனே உள்ள விட்டுர்றேன். பெரிய வேலை இல்லைங்க. மொதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதினாப் போதும்."

ராஜநாயகம் முதல் கேள்வியை வாசித்தார். இத்ரூசும் வாசித்தார். எல்கடுவைக் காற்று குளிராக வீசிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க சேர்" என்றார் அழகமுத்து. "நீங்க திண்மமா, திரவமா?"

மறுநாள் பத்து மணிக்கு வலயக் குழு வந்தது. ஆய்வுகூடம் திறந்திருந்தது. ஏழு பிள்ளைகளும் வேலையில் இருந்தார்கள். நிரந்தர அனுமதிக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அங்கேயே எழுதினார்கள். குழுத் தலைவர் வெளியே வரும்போது முற்றத்தில் நின்ற லொறியையும், அதன் மிதிபலகையில் படிவங்களோடு உட்கார்ந்திருந்த இரண்டு கனவான்களையும் பார்த்து, அவர்கள் யார் என்று கேட்டார்.

"இன்னும் முடிவாகலைங்க" என்றார் அழகமுத்து.